சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை!



எங்கள் ஊர் குளச்சல். 1741-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த கடற்கரை என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். மீன்பிடித் தொழிலே எங்கள் ஊரின் உயிர்நாடி. டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் வீட்டுக்கு வீடு நட்சத்திர விளக்கு தொங்கும். திண்ணையில் குடில் கட்டுவார்கள். அடுக்களையில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் தயாராகும். வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கிறிஸ்மஸுக்கு வீடு வந்து சேர்வார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கூட்டம் கூடியது. சின்ன அறையில் இருபது பேர். ஒரு பக்கம் தொலைக்காட்சி, மறு பக்கம் குழந்தைகள், தெருவில் ஒலிபெருக்கி. என் தந்தைக்கு எழுபது வயது கடந்துவிட்டது. இளமையில் கட்டுமரத்திலும், பிறகு பல ஆண்டுகள் எஞ்சின் பொருத்திய வள்ளத்திலும் கடலுக்குச் சென்றவர். அன்று மூலையில் ஒரு நாற்காலியில் அமர்ந்து எல்லாரையும் பார்த்துத் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாப்பாடு முடிந்தது. அவர் சற்றுப் படுக்கட்டும் என்று எண்ணி என் மனைவி அடுக்களை வாசலில் முதுகைக் காட்டி நின்றபடியே, "மாமா, பாய் போடட்டா?" என்று கேட்டாள்.

"காய் போரும் மக்ளே, வயிறு நெறஞ்சாச்சு" என்றார் அவர்.

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிறிது நேரம் கழித்துப் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது. என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவள்தான் தேடிச் சென்று, கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் அவர் தனியே இருப்பதைக் கண்டாள். அழைத்து வரச் சென்ற நான் அவர் காதருகே குனிந்து பலமாகக் கத்தினேன். அவர் முகம் சுளித்தார்.

"ஏன் மக்ளே கெடந்து சத்தம் போடுக? சத்தம் கேக்குது. சொல்லுகது என்னண்ணுதான் வெளங்கல்ல."

நான் கல்லூரியில் ஒலியியல் நடத்துபவன். என் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுத்த பாடத்தின் சாரத்தை, பள்ளியை விட்டுக் கடலுக்குப் போன என் தந்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார். அந்த வரியின் பொருள் என்ன? சத்தம் கேட்கும்போது சொல் ஏன் விளங்காமல் போகிறது? கூட்டத்தில் அது ஏன் மேலும் மோசமாகிறது? இதற்கு நாம் செய்யக்கூடியது என்ன? இவற்றைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

காதுக்குள் ஒரு நத்தைக்கூடு

ஒலி என்பது காற்றில் பரவும் அழுத்த அலை என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த அலை செவிப்பறையை அதிரச் செய்கிறது. சுத்தி, பட்டை, அங்கவடி எனும் மூன்று சிற்றெலும்புகள் அந்த அதிர்வை உட்காதுக்குக் கொண்டு செல்கின்றன. உட்காதில் நத்தையின் ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உள்ளது. அதற்குள் திரவம் நிரம்பியிருக்கிறது. அதன் நீளம் நெடுகிலும் விரிந்துள்ள மெல்லிய சவ்வின்மீது ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் வரிசையாக நிற்கின்றன. இவையே அதிர்வை மின்துடிப்பாக மாற்றி நரம்பு வழியே மூளைக்கு அனுப்புகின்றன.

இந்த நத்தைக்கூட்டைச் சுருள் நீக்கிய ஆர்மோனியக் கட்டையாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வாயிலுக்கு அருகிலுள்ள பகுதி உச்ச அதிர்வெண்களுக்கும், உட்கோடியிலுள்ள பகுதி தாழ்ந்த அதிர்வெண்களுக்கும் உரியது. அலை இந்தச் சவ்வின்மீது எவ்வாறு ஓடுகிறது என்பதைக் கண்டறிந்ததற்காகவே கியார்கு ஃபான் பெக்கெசி என்ற அறிஞருக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது.

குறைந்தது 20 ஹெர்ட்ஸ், உயர்ந்தது 20,000 ஹெர்ட்ஸ். இதுவே இளம் காதின் எல்லை. வயது ஏற ஏற உச்ச எல்லை இறங்கிக்கொண்டே வரும். நெடுங்காலம் பேரிரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு இது விரைவாகவும் கூடுதலாகவும் நிகழ்கிறது. முதலில் சேதமாவது உச்ச அதிர்வெண்களுக்குரிய மயிர்ச்செல்கள்தாம். தலைமுடி உதிர்ந்தால் மீண்டும் முளைக்கலாம். இந்த மயிர்ச்செல் மடிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

எங்கள் பகுதி வள்ளங்களில் வெளிப்பொருத்து எஞ்சின்கள் 1980-களில் பரவலாயின. எஞ்சினைப் பிடித்து ஓட்டுபவர் அதன் பக்கத்திலேயே பல மணி நேரம் அமர்ந்திருப்பார். ஓர் எளிய அளவுகோல் சொல்கிறேன். கை எட்டும் தொலைவில் இருப்பவரிடம் பேசவே நீங்கள் கத்த வேண்டியிருந்தால், அங்கே இரைச்சல் 85 டெசிபல் அளவுக்கு இருக்கிறது என்று கொள்ளலாம். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரமே பாதுகாப்பான எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியின் செறிவு இருமடங்காவதால், காலம் பாதியாகக் குறைய வேண்டும். 88 டெசிபலில் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் 1 மணி. 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிடம்! என் தந்தையின் காது எத்தனை ஆண்டுகள் இந்தக் கணக்கை மீறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

காய், சாய், தாய், பாய்

இப்போது ஒரு சிறு சோதனை. காய், சாய், தாய், பாய் என்ற நான்கு சொற்களையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நான்கிலும் பெரும்பகுதி 'ஆய்' என்ற ஒரே ஒலிதான். வேறுபாடு முதலில் வரும் மெய்யில் மட்டுமே. அந்த மெய் ஒலிக்கும் நேரமும் மிகக் குறைவு. வினாடியில் நூறில் சில பங்கு. ஆற்றலும் மிகக் குறைவு.

உயிரொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே அடங்கிவிடுகிறது. அவை பலமானவை; பேச்சின் சத்தம் என்று நாம் உணர்வது இவற்றைத்தான். க, ச, த, ப போன்ற வல்லின மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் அடையாளங்களோ பெரும்பாலும் அதற்கு மேலே உள்ளன. 'ஸ்' போன்ற சீற்றொலிகள் 4,000 ஹெர்ட்ஸையும் தாண்டும்.

ஆகவே உச்ச அதிர்வெண்களை இழந்த காதுக்கு என்ன கேட்கும்? 'ஆய் போடட்டா?' என்றுதான் கேட்கும். முன்னே நிற்க வேண்டிய மெய்யை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. சாப்பிட்டு முடித்த நேரம் அது. இலைக்கு முன் அமர்ந்திருந்தவருக்குக் 'காய்' நினைவு வந்ததில் வியப்பில்லை. அவர் ஊகித்தது அறிவீனமன்று. கிடைத்த செய்தியில் பாதியை வைத்துக்கொண்டு முழு விடை சொல்ல முயன்றிருக்கிறார். அதற்குத்தான் நாங்கள் சிரித்தோம்.

கத்தினால் ஏன் பயனில்லை?

காது மந்தமானவரிடம் கத்திப் பேசுவது நம் எல்லாருக்கும் உள்ள பழக்கம். அதில் இரண்டு தவறுகள் உள்ளன.

முதலாவது: கத்தும்போது உயிரொலிகள்தாம் பெரிதாகின்றன. மெய்யொலிகள் அதே விகிதத்தில் பெருகுவதில்லை. ஏற்கெனவே கேட்கும் 'ஆய்' மேலும் பெரிய 'ஆய்' ஆகிறது. கேட்காத 'ப்' ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. கத்தும்போது வாயும் கோணுவதால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் வாய்ப்பும் போகிறது.

இரண்டாவது: மயிர்ச்செல்கள் சேதமான காதில் மெல்லிய ஒலி கேட்பதில்லை, ஆனால் பலத்த ஒலி மற்றவர்களுக்குப் போலவே பலமாகக் கேட்கிறது. கேட்கத் தொடங்கும் எல்லைக்கும் தாங்க முடியாத எல்லைக்கும் இடைவெளி சுருங்கிவிடுகிறது. அதனால்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் மெல்லப் பேசினால் "என்ன?" என்கிறார்கள், உரக்கப் பேசினால் "ஏன் கத்துகிறாய்?" என்கிறார்கள். இது வீம்பு அல்ல. இயற்பியல்!

கூட்டத்தில் பிரித்தறியும் வித்தை

நல்ல காது உடையவர் இருபது பேர் பேசும் அறையிலும் தமக்கு வேண்டிய ஒரு குரலைப் பிடித்துக்கொள்கிறார். இது எப்படி இயல்கிறது என்ற கேள்வியை 1953-இல் காலின் செர்ரி என்ற லண்டன் பேராசிரியர் ஆராய்ந்தார். ஒருவரின் வலக்காதில் ஒரு பேச்சையும் இடக்காதில் வேறொரு பேச்சையும் ஒலிக்கச் செய்தார். கேட்டவர்கள் ஒரு பேச்சை விடாமல் பின்பற்றினார்கள். மற்றதைப் பற்றிக் கேட்டபோது ஏறத்தாழ ஒன்றும் சொல்ல இயலவில்லை. வேண்டாத பேச்சை மூளை ஒதுக்கிவிடுகிறது.

இந்த வேலைக்கு இரண்டு காதுகளும் சேர்ந்து உதவுகின்றன. இரு காதுகளுக்கும் இடையே ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் தொலைவு. ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீட்டர் என்று கொண்டால், பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதை விட மற்றக் காதுக்கு 0.2 ÷ 340, அதாவது 0.0006 வினாடி தாமதமாகச் சேரும். இந்த நுண்ணிய தாமதத்தையும், தலை மறைப்பதால் ஏற்படும் செறிவு வேறுபாட்டையும் கொண்டு ஒலி வரும் திசையை மூளை கணிக்கிறது. திசை தெரிந்தால் வேண்டிய குரலைப் பிரித்தெடுப்பது எளிது.

உட்காது பழுதுபட்டால் இந்தக் கணிப்புக்கு வேண்டிய செய்தி குறைபட்டே வருகிறது. ஆகவே தனியாகப் பேசினால் நன்கு கேட்பவர்கூடக் கூட்டத்தில் தடுமாறுகிறார். மற்றவர்களை விட அவருக்குக் குரலுக்கும் இரைச்சலுக்கும் இடையே பெரிய வித்தியாசம் தேவைப்படுகிறது. அந்த வித்தியாசத்தை உண்டாக்கித் தருவது யார் கையில் இருக்கிறது? நம் கையில்தான்.

ஒரு கணக்குப் போடுவோம்

கிறிஸ்மஸ் கழிந்து நாலைந்து நாள் சென்றபின் என் மகள் கேட்டாள்: "அப்பா, அண்ணைக்குப் பாட்டாவுக்குக் கேக்கணும்னா நாம என்ன செஞ்சிருக்கணும்?" இருவருமாகத் தாளும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தோம். நீங்களும் உடன் வாருங்கள்.

ஒருவர் சாதாரணமாகப் பேசினால் 1 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 60 டெசிபல் இருக்கும். தொலைவு இருமடங்கானால் செறிவு நான்கில் ஒரு பங்காகிறது. அதாவது 6 டெசிபல் குறைகிறது. என் மனைவி 4 மீட்டர் தொலைவில் நின்றாள். தொலைவு இருமுறை இரட்டித்திருப்பதால் 12 டெசிபல் குறைந்து, குரல் 48 டெசிபலாக வந்து சேர்ந்திருக்கும். தொலைக்காட்சியும் பிறர் பேச்சும் சேர்ந்த இரைச்சல் அவர் நாற்காலியில் 60 டெசிபல் என்று கொள்வோம். அப்படியானால் குரல் இரைச்சலுக்கு 12 டெசிபல் கீழே மூழ்கிக் கிடந்திருக்கிறது!

இப்போது இரண்டே மாற்றங்கள் செய்வோம். தொலைக்காட்சியை நிறுத்தி, மற்றவர்கள் ஒரு நிமிடம் பேச்சை அடக்கினால் இரைச்சல் 45-க்கு இறங்கும். பேசுபவர் 1 மீட்டர் அருகே வந்தால் குரல் 60. ஆக, குரல் இரைச்சலுக்கு 15 டெசிபல் மேலே நிற்கும். கீழே 12, மேலே 15. மொத்தம் 27 டெசிபல் ஆதாயம். செறிவு விகிதத்தில் இது ஏறத்தாழ 500 மடங்கு. ஒரு பைசாச் செலவில்லை. யாரும் கத்தவும் இல்லை. அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் எண்கள் சற்று மாறலாம். ஆனால் பாடம் மாறாது.

சுவரும் பேசுகிறது

அந்தச் சுவர்களையும் கவனிப்போம். ஓலைக்கூரையும் மணல் முற்றமும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். பூசிய சுவரும், வழவழப்பான தரையும், கான்கிரீட் கூரையும் ஒலியைத் திருப்பித் திருப்பி அனுப்பும். 'பாய்' என்ற சொல்லின் வால் அடங்குமுன் 'போடட்டா' வந்து அதன்மேல் விழும். பலமான உயிரொலியின் முழக்கம் அடுத்து வரும் மெலிந்த மெய்யை மூடிவிடும்.

ஒலி நின்றபின் அதன் முழக்கம் 60 டெசிபல் தணிய எடுக்கும் நேரத்தை எதிர்முழக்க நேரம் என்பார்கள். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சு விளங்கவில்லை என்ற புகார் எழுந்தபோது, 1895-இல் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் அதை ஆராயத் தொடங்கினார். இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கியும் அகற்றியும் அளந்து பார்த்து, ஒரு சூத்திரம் கண்டார்:

எதிர்முழக்க நேரம் = 0.161 × அறையின் கன அளவு ÷ மொத்த உறிஞ்சல்

நீளம் 5 மீட்டர், அகலம் 4 மீட்டர், உயரம் 3 மீட்டர் உள்ள வெறும் அறை. கன அளவு 60 கன மீட்டர். உட்பரப்பு 94 சதுர மீட்டர். பூசிய சுவர் தன்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு 3 பங்கையே உறிஞ்சுகிறது என்று கொண்டால், மொத்த உறிஞ்சல் 2.8. நேரம் ஏறத்தாழ 3.4 வினாடி! திறந்த சன்னல் தன்வழியே செல்லும் ஒலி முழுவதையும் வெளியே விட்டுவிடும். கதவும் சன்னலுமாக 5 சதுர மீட்டரைத் திறந்து வைத்தால் நேரம் 1¼ வினாடியாகக் குறையும். ஒருவருக்கு 0.4 என்ற கணக்கில் பன்னிரண்டு பேர் வந்து அமர்ந்தால் அது முக்கால் வினாடி. கட்டிலில் மெத்தை, சுவரில் தடித்த திரை, தரையில் சமுக்காளம் என்று மேலும் 3 அலகு சேர்த்தால் ஏறத்தாழ 0.6 வினாடி.

இதை எல்லாம் விட எளிய வழி, கூட்டத்தை முற்றத்துப் பந்தலுக்குக் கொண்டு போய்விடுவது. வானத்திலிருந்து ஒலி திரும்பி வருவதில்லை.

கண்ணும் ஒரு காது

இன்னும் ஒன்று உள்ளது. கண்ணாடி முன் நின்று மீண்டும் 'காய், பாய்' என்று சொல்லிப் பாருங்கள். 'ப' சொல்ல உதடுகள் மூடித் திறக்கின்றன. 'க' சொல்லும்போது மூடுவதில்லை. காதுக்குத் தெரியாத வேறுபாட்டைக் கண் ஒரு நொடியில் கண்டுவிடுகிறது!

இதற்கு நேர்மாறாக 'ப', 'ம' இரண்டும் உதட்டில் ஒன்று போலவே தோன்றும். ஆனால் 'ம' மூக்கொலி. அதன் ஆற்றல் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் மந்தமான காதும் அதைப் பிரித்தறியும். காது விட்டதைக் கண் பிடிக்கிறது. கண் விட்டதைக் காது பிடிக்கிறது. இரைச்சலில் கேட்கும்போது பேசுபவரின் முகம் தெரிந்தால் பேச்சு எவ்வளவோ நன்றாக விளங்குகிறது என்பதை 1954-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் சம்பி, போலக் இருவரும் அளந்து காட்டினார்கள். நல்ல காது உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். என் மனைவி திரும்பி நின்று கேட்டிருந்தால் அன்று அந்தச் சிரிப்பே எழுந்திருக்காது.

காதுக்கருவி வாங்கிவிட்டால் போதாதா?

என் தந்தையிடம் ஒரு காதுக்கருவி இருந்தது; அலமாரிக்குள் உறங்கியது. "கடலிரைச்சல் மாதிரி கெடக்கு" என்று கழற்றி வைத்துவிட்டார்.

காதுக்கருவி என்பது ஒலிவாங்கி, பெருக்கி, ஒலிபரப்பி மூன்றும் சேர்ந்த சிறு பெட்டி. ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் ஒருவருக்கு எவ்வளவு குறைவு உள்ளதோ அதற்கேற்ப அதைச் சரிசெய்ய வேண்டும். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சில வேளைகளில் காதுக்குறும்பி அடைத்திருப்பதே காரணமாக இருக்கும்; அதை எடுத்துவிட்டால் போதும். குச்சி விட்டு நாமே நோண்டக் கூடாது. பிறகு கேட்புச் சோதனை செய்து, கேட்பியல் வல்லுநர் கருவியைப் பொருத்துவார். நெடுநாள் கேளாதிருந்த ஒலிகள் திடீரெனக் கேட்பதால் மூளை பழகிக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். எடுத்த எடுப்பில் திருவிழாக் கூட்டத்துக்கு அணிந்து செல்லாமல், வீட்டின் அமைதியில் நாளுக்குச் சில மணி நேரம் அணிந்து பழகுவதே முறை.

அப்போதும் நினைவிருக்கட்டும். மூக்குக்கண்ணாடி அணிந்ததும் பார்வை தெளிவாகிறது. காதுக்கருவி அப்படியன்று. அது குரலையும் பெருக்கும், இரைச்சலையும் ஓரளவு பெருக்கும். மடிந்த மயிர்ச்செல்லை அது உயிர்ப்பிப்பதில்லை. ஆகவே கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுற்றியிருப்பவர்கள் செய்ய வேண்டியது அப்படியே இருக்கிறது.

வீட்டுக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

கிறிஸ்மஸ் ஆனாலும், பொங்கல், தீபாவளி, ரம்சான் ஆனாலும் இவை பொருந்தும்.

1. காது மந்தமானவருக்கு மூலை நாற்காலி தராதீர்கள். எல்லார் முகமும் தெரியும் இடத்தில் அமர்த்துங்கள். அவர் முதுகுப் பக்கம் இரைச்சல் இருக்கக் கூடாது. ஒரு காது நன்றாகக் கேட்குமானால் அந்தக் காது கூட்டத்தை நோக்கி இருக்கட்டும்.

2. பேசுபவர் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் இருண்டுவிடும்.

3. தொலைக்காட்சியையும் பாட்டுப் பெட்டியையும் சாப்பாட்டு நேரத்திலாவது நிறுத்துங்கள்.

4. முதலில் பெயர் சொல்லியோ தோளைத் தொட்டோ அவர் பார்வையைப் பெறுங்கள். பிறகு ஒரு மீட்டர் தொலைவில் நின்று, இயல்பான குரலில், சற்று நிதானமாகப் பேசுங்கள். வாயைக் கையால் மறைக்காதீர்கள்.

5. ஒருவர் முடித்தபின் அடுத்தவர் பேசட்டும். பேச்சு வேறு பொருளுக்குத் திரும்பும்போது, "கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

6. விளங்கவில்லை என்றால் அதே சொல்லைத் திரும்பக் கத்தாதீர்கள். வேறு விதமாகச் சொல்லுங்கள். "பாய் போடட்டா?" என்பதை விட "படுப்பதற்குப் பாய் விரிக்கட்டுமா?" என்பது எளிதில் விளங்கும். சொற்கள் ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன. பெயரும் எண்ணும் என்றால் தாளில் எழுதிக் காட்டுங்கள்.

7. ஊகித்து ஊகித்துக் கேட்பது களைப்பான வேலை. நடுவில் சற்று அமைதியான இடத்தில் ஓய்வெடுக்க விடுங்கள்.

8. "ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்" என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். எல்லாரும் சிரித்த ஒரு செய்தி தமக்கு மட்டும் 'ஒன்றுமில்லை' ஆகிவிடுவதுதான் அவர்களை எழுந்து போகச் செய்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. காது மந்தமானவர் கேட்காததைக் கேட்டது போலத் தலையாட்டக் கூடாது. "இந்தப் பக்கம் வந்து சொல்லு" என்று வெட்கப்படாமல் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும் துணிவை அவருக்குத் தருவது நம் நடத்தைதான். கேட்புக் குறைவினால் மருத்துவ உதவியோ பயிற்சியோ தேவைப்படுவோர் உலகில் 43 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? ஜான் கார்ன்ஃபோர்த் என்ற வேதியியல் அறிஞர் இளம் வயதிலேயே செவிப்புலனை இழந்தவர். நூலைப் படித்துக் கற்று, தம் மனைவியும் சக அறிஞருமான ரீட்டாவின் துணையோடு ஆராய்ந்து 1975-இல் நோபல் பரிசு பெற்றார்.

உங்கள் காதுகள்

பாட்டாவின் காதைப் பற்றிப் பேசிவிட்டு உங்கள் காதை மறந்துவிடலாமா? நம் நாட்டு விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவிலேயே 125 டெசிபலைத் தாண்டும் பட்டாசுகள் கூடா. அதற்கு உட்பட்ட பட்டாசும் கைக்கருகே வெடித்தால் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்று தொலைவுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒலிபெருக்கிப் பெட்டியின் முன்னே நின்று ஆடாதீர்கள். காதில் மாட்டிக் கேட்கும் பாட்டின் ஒலியைப் பாதி அளவுக்கு மேல் வைக்காதீர்கள். கூட்டத்திலிருந்து வந்தபின் காதில் 'ஙொய்' என்று இரைந்தால், மயிர்ச்செல்கள் உங்களிடம் முறையிடுகின்றன என்று பொருள்.

மறு ஆண்டு கிறிஸ்மஸ்

அடுத்த கிறிஸ்மஸுக்கு என் மகளே ஏற்பாட்டாளர். முற்றத்தில் ஓலைப் பந்தல். அதன் கீழே வட்டமாக நாற்காலிகள். பாட்டாவின் பின்னே சுவரில் ஒரு தடித்த சமுக்காளம். வீட்டுக்குள் தொலைக்காட்சி அணைக்கப்பட்டிருந்தது. கருவியைக் கேட்பியல் வல்லுநரிடம் காட்டிச் சரிசெய்து, இரண்டு மாதம் பழக்கியிருந்தோம். சின்னக் குழந்தைகளுக்கும் ஒரே விதி: "பாட்டா முகத்தப் பாத்துப் பேசணும்."

என் தந்தைக்கு எல்லாம் கேட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். அன்றும் இரண்டு மூன்று இடங்களில் தவறாகக் கேட்டார். ஆனால் சிரித்து மழுப்பவில்லை. "என்ன சொன்ன? இங்ஙன வந்து சொல்லு" என்று பேரனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பிறகு கட்டுமரக் காலத்தில் காற்றில் திசை தவறிய ஓர் இரவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். எனக்கே அது புதிய கதை. பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். மாலை வரை அவர் நாற்காலி காலியாகவில்லை.

செய்து பாருங்கள்

காய், சாய், தாய், பாய் என்ற சொற்களை முன்பின்னாக மாற்றி இருபது சொற்கள் கொண்ட ஒரு பட்டியல் தயாரியுங்கள். நண்பர் ஒருவர் இரு காதுகளையும் உள்ளங்கையால் மூடிக்கொள்ளட்டும். பக்கத்தில் வானொலி ஒலிக்கட்டும். பட்டியலை நீங்கள் நான்கு முறை வாசியுங்கள்: 4 மீட்டரில் முதுகைக் காட்டி, 4 மீட்டரில் முகம் காட்டி, 1 மீட்டரில் முகம் காட்டி, கடைசியாக வானொலியை நிறுத்திவிட்டு 1 மீட்டரில் முகம் காட்டி. ஒவ்வொரு முறையும் சொற்களின் வரிசையை மாற்றுங்கள். எத்தனை சொற்கள் சரியாக விளங்கின என்று அட்டவணை போடுங்கள்.

அட்டவணை முடிந்ததும் அதை உங்கள் வீட்டில் காட்டுங்கள். பிறகு, அடுத்த விழா நாளில் யார் நாற்காலியை எங்கே போடுவது என்று முடிவு செய்யுங்கள்.